நான்கு ஊசிகளுக்கும் போனேன்

ஸ்டேஷனில் உண்ணி சார் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. நான் சொல்லச் சொல்ல அவரே மலையாளத்தில் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் சார், நானே தமிழில் எழுதித் தருகிறேன், பிறகு மொழிபெயர்க்க ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். இருபத்திரண்டு வருடம் ஒரு திருச்சபையின் மினிட்ஸ் புத்தகத்தை எழுதியவன், தன் விஷயத்தை இன்னொருவர் கையால் எழுத வைப்பது முறையாகாது. நான்கு தாள் தந்தார். போதாது என்று சொல்லி இன்னும் நான்கு வாங்கி வைத்திருக்கிறேன்.

என் பெயர் யோசுவா. வயது அறுபத்து நான்கு. பாறசாலையிலிருந்து செங்கல் என்ற ஊருக்குப் போகிற வழியில் வீடு. கால்நடைத் துறையில் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை. சினை ஊசி போடுவேன், கன்று ஈனும்போது கைகொடுப்பேன், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பேன். டாக்டர் வரும்போது அவர் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். முப்பத்தாறு வருடம் அப்படி நின்றேன்.

நான் செய்ததை அந்தப் பிள்ளைக்காகத்தான் செய்தேன். ரெஜிலா படிக்க வேண்டும், டாக்டர் ஆக வேண்டும், வேறு எண்ணம் எனக்கு இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படிக்கும்போது இது மறந்துபோகக் கூடாது.

எங்கள் சபையில் ஒரு உதவித்தொகை உண்டு. சத்தியநேசன் என்று ஒருவர் இலங்கைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து சம்பாதித்து ஊருக்குத் திரும்பினார். அவருக்கு மூன்று வயதிலேயே தகப்பன் போய்விட்டார். தாயார் ஒரே ஒரு பசுவை வைத்துப் பால் விற்று அவரை ஆளாக்கினார். அந்த நன்றி அவருக்கு உண்டு. சாகும் முன் ஒரு தென்னந்தோப்பைச் சபைக்கு எழுதி வைத்து, அதன் வருமானத்தில் மாட்டு வைத்தியம் படிக்கிற ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும் என்றார். ஐந்தரை வருடப் படிப்புக்கும் சேர்த்து. ஹாஸ்டல், சாப்பாடு, புத்தகம், வெள்ளைக் கோட்டு, தொழுவத்தில் இறங்கப் போடுகிற ரப்பர் பூட்ஸ், லீவுக்கு வந்துபோகிற ரயில் டிக்கெட் வரை தோப்பு கொடுக்கும்.

விதிகள் ஆறு. நான்காவது விதி, விண்ணப்பிக்கிற பிள்ளைக்குத் தகப்பன் உயிரோடு இருக்கக் கூடாது என்பது. ஆறாவது விதி, தொகை வாங்குகிற பிள்ளை பரீட்சைக்குப் பரீட்சை தான் படித்ததைப் பற்றிச் சபைக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது. மற்ற நான்கும் இந்த வழக்குக்குத் தேவையில்லை.

அப்படி ஒரு பிள்ளை கிடைப்பது லேசல்ல. ரேங்கும் வேண்டும், தகப்பனும் இருக்கக் கூடாது. நான் செயலாளராக வந்த பிறகு இரண்டு பேருக்குத்தான் கொடுத்திருக்கிறோம். மற்ற வருடங்களில் தொகை பாங்கில் தூங்கியது. வீட்டுக்குப் போய் விசாரிப்பதும் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதும் என் வேலை. ஒரு பொய்ச் சான்றிதழிலும் என் கையெழுத்து இதுவரை விழுந்ததில்லை. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

மூன்று வருடம் முன்பு ஜூன் மாதம் ரெஜிலாவுக்கு ரேங்க் வந்தது. வடக்கே அரசாங்கக் கால்நடைக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவள் அப்பா பொன்னுதாஸ் ரப்பர் வெட்டுகிறவன். மழைக்காலத்தில் வெட்டு இல்லை. அம்மா ராஜபாய் அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். பாங்கில் கடன் கேட்டார்கள், வீட்டுப் பத்திரத்தில் பொன்னுதாசின் அண்ணன் தம்பி எல்லோருடைய பெயரும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரசாங்க உதவி உண்டு, நான் மறுக்கவில்லை. அது வந்து சேரும்போது பிள்ளை மூன்றாம் வருடம் முடித்திருக்கும்.

இரண்டு பேரும் ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார்கள். ராஜபாய்தான் பேசினாள்.

"சாரே, இவரு எங்கள விட்டுட்டு எங்கயோ போயிட்டாருன்னு ஒரு கடலாசு எழுதித் தந்தா மதி. நம்ம சபையில யாரு தேடிப் போயி நோக்கப் போறா?"

"அவன் இங்க எனக்க முன்னால இருக்கானே ராஜபாய்."

"கொஞ்ச நாளு பெருங்கடவிளையில எனக்க அக்கா வீட்டுல போயி நிப்பாரு சாரே."

பொய்க்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். விதியை மாற்றுவது ஒரு ஆள் கையில் இல்லை என்றும் சொன்னேன். அது உண்மை. பொன்னுதாஸ் அதுவரை காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தான். நல்ல மனுஷன், கோபமே வராது. சிரித்துக்கொண்டே சொன்னான்.

"நான் செத்தாத்தான் எனக்க பிள்ள படிக்கும் எங்கி, செத்துப்போறேன் சாரே. அதுக்கென்ன?"

ராஜபாய் அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். என் மனைவி ஜெயபாய் அடுப்படியில் இருந்து, இது என்ன பேச்சு என்று சத்தம் போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். வாய் தவறி வந்த வார்த்தை என்று அவர்கள் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த வார்த்தையை நான் அதற்கு முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

என் அப்பா பனையேறி. எனக்குப் பதினேழு வயது ஆனபோது பனையிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போயிற்று. அடுத்த வருடம் நான் ப்ரீ டிகிரியில் எங்கள் காலேஜில் இரண்டாவதாக வந்தேன். மாட்டு டாக்டருக்குப் படிக்க இடம் கிடைத்தது. சத்தியநேசன் தொகைக்கு விண்ணப்பம் போட்டேன். அன்றிருந்த செயலாளர் வீட்டுக்கு வந்து, பாயில் கிடந்த அப்பாவைப் பார்த்தார். தகப்பன் உயிரோடு இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போனார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் பார்த்ததைத்தான் எழுதினார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நான் இன்ஸ்பெக்டர் பயிற்சிக்குப் போனேன், அதற்கு அவர்களே உதவிப்பணம் கொடுத்தார்கள். பதினொரு மாதம் கழித்து அப்பா செத்தார். சாவதற்கு முந்தின வாரம் அவருக்கு முதுகுப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் படுத்தபடியே சொன்னார்.

"எலே மக்கா, நான் ஒரு வருசம் முன்ன போயிருக்கணும். ஒனக்க வழிய நானாக்கும் அடச்சேன்."

அப்படிச் சொல்லாதீங்க அப்பா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். நான் சொல்லவில்லை, புண்ணைக் கழுவி முடித்தேன். நாற்பத்தைந்து வருடமாகிறது. இப்போது இதை எழுதும்போதும் அந்தத் துணியின் வாடை மூக்கில் வருகிறது, கொஞ்சம் நிறுத்திவிட்டு எழுதுகிறேன்.

ஜூலை இருபத்தொன்று காலை எட்டு மணிக்குப் பொன்னுதாஸ் போன் செய்தான். பசு இரண்டு நாளாக எதுவும் தின்னவில்லை, வாயில் எச்சில் ஒழுகுகிறது, கொஞ்சம் வந்துபோக வேண்டும் என்றான். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் ஆஸ்பத்திரிக்கு முன்னால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போனேன். பசு சினையாக இருந்தது, பால் வற்றவிட்டிருந்தார்கள். ராஜபாய் வேலைக்குப் போயிருந்தாள். ரெஜிலா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

இந்தப் பக்கத்தில் பசுவுக்கு மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, கொடுக்காத வீடு இல்லை. நறுக்காமல் போட்டால் கிழங்குத் துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பசு கழுத்தை நீட்டும், எச்சில் வடிக்கும், விழுங்க முடியாமல் நிற்கும். வீட்டுக்காரனே கையை உள்ளே விட்டு எடுத்துவிடுவான். அதற்கு டாக்டர் தேவையில்லை, எல்லா வீட்டிலும் கையை விடத் தெரிந்த ஒருவன் இருப்பான். வெறிநாய் கடித்த பசுவும் இதே மாதிரிதான் கழுத்தை நீட்டும், எச்சில் வடிக்கும், விழுங்க முடியாமல் நிற்கும். என் வேலைக்காலத்தில் இப்படிக் கையை விட்டவர்களைத் தேடித் தேடிப் போய் ஊசிக்கு அனுப்பியிருக்கிறேன். பதினேழு பேர். ஒருவரும் சாகவில்லை. நேரத்தில் ஊசி போட்டால் யாரும் சாவதில்லை.

முதலில் நானும் கிழங்கு என்றுதான் நினைத்தேன். கீழ்த்தாடையைப் பிடித்து வாயைத் திறந்தேன். அப்போது அது கத்தியது. தொண்டை கட்டிய கிழவன் தூரத்தில் இருப்பவனைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல். ஒருமுறை கேட்டவனுக்கு அது மறக்காது. பின்னங்கால் லேசாகத் தள்ளாடியது. நான் கையை எடுத்துவிட்டுப் பின்னால் வந்தேன்.

குழாயடியில் துணி சோப்பு இருந்தது. முழங்கை வரை கழுவினேன். பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்பது கணக்கு, அத்தனை நேரமும் கழுவினேன். பொன்னுதாஸ் பார்த்துக்கொண்டே நின்றான்.

"சாரு கல்யாணத்துக்குப் போறது போலயாக்கும் கழுவுதாரு," என்றான் மகளைப் பார்த்து.

நான் ரெஜிலாவிடம், நீ கிட்ட வரவேண்டாம் மக்கா, முட்டும் என்றேன். அவள் அங்கேயே நின்றாள். பொன்னுதாஸ் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். வலது கட்டைவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது, ரப்பர் வெட்டும் கத்தி கிழித்த காயம். அந்தத் துணியை அவிழ்த்துக் கீழே போட்டான்.

"மரச்சீனித் துண்டு குடுங்கினதாக்கும் சாரே. கைய விட்டு நோக்கட்டா?"

நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய்யாகும். யோசிக்கவில்லை. கையில் இன்னும் சோப்பு வழுவழுப்பு இருந்தது.

"நோக்கு," என்றேன்.

அவன் முழங்கை வரை கையை விட்டான். நிதானமாகத் தேடினான். ஒன்றும் இல்லையே சாரே, உள்ளே இறங்கிப்போச்சு போல என்றான். நான் பொய் சொல்லவில்லை. தொண்டையில் கிழங்கு இருக்கிறது என்று நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை. அது அவன் சொன்னது.

பசு பிழைக்காது, செத்தால் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு நீறு போட்டு மூடு, தோலுரிக்க யாரையும் விடாதே, உன்னைத் தவிர வேறு யாரும் தொட வேண்டாம் என்றேன். ராஜபாயும் ரெஜிலாவும் பக்கத்தில் போகக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். அந்த அக்கறை எனக்கு இருந்தது. பிறகு பஸ் ஏறி நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போய், பதினொன்றரை மணிக்கு முதல் ஊசி போட்டுக்கொண்டேன். அந்தச் சீட்டின் நகலைத்தான் உண்ணி சார் இப்போது மேசை மேல் வைத்திருக்கிறார். சீட்டில் எழுதியிருப்பது எல்லாம் சரி. பசுவின் எச்சில் பட்டது என்று நானே சொல்லி எழுத வைத்தேன்.

மூன்றாம் நாள் இரண்டாவது ஊசி. ஏழாம் நாள் மூன்றாவது. இருபத்தெட்டாம் நாள் நான்காவது. ஒன்றையும் தவறவிடவில்லை, நான்கு ஊசிகளுக்கும் போனேன்.

முதல் நாளே ஜெயபாய் என் கையில் ஊசித் தடத்தைப் பார்த்துவிட்டாள்.

"நாய் கடிச்சுதா?"

"பொன்னுதாசுக்க பசுவுக்க எச்சில் பட்டுது."

"அப்போ அவன் ஊசி போட்டானா?"

"அவன்கிட்ட கேக்கல்ல."

"கேக்கணும் இல்லியா?"

நான் ம் என்றேன். மறுபடியும் அவள் கேட்கவில்லை. நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்திருப்பாள். முப்பத்தெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள், நான் ஒரு காரியத்தை விட்டுவிடுவேன் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

அந்த நாட்களைப் பற்றி உண்ணி சார் திரும்பத் திரும்பக் கேட்டார். தினமும் பார்த்தீர்களா என்றார். அநேகமாகத் தினமும் பார்த்தேன். ரேஷன் கடையில், பாறசாலை பஸ் ஸ்டாப்பில், ஞாயிற்றுக்கிழமை கோவிலில். பசு செத்த மறுநாள், மண்வெட்டி பிடித்துக் கைவலி என்றான். ஆகஸ்டில் ஒரு சக்கைப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, பசுவை வந்து பார்த்ததற்கு சாருக்கு ஒன்றும் தரவில்லையே என்று வாசலில் வைத்துவிட்டுப் போனான். நாங்கள் அதைத் தின்றோம். நல்ல வரிக்கைப் பலா. திருவோணத்துக்கு முந்தின நாள் கட்டைவிரலை நீட்டிக் காட்டி, காயம் ஆறிப்போச்சு சாரே, ஆனா உள்ளே ஒரு அரிப்பு என்றான்.

அப்போதும் நேரம் இருந்ததோ என்னவோ தெரியவில்லை. அதற்கு முன்பு நிச்சயமாக இருந்தது. ஒவ்வொரு நாளும், பொன்னுதாஸ், ஒரு ஊசி போட்டுடு என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். இலவச ஊசி, பஸ் செலவு மட்டும்தான். காலையில் எழும்போது இன்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். பிறகு ரெஜிலாவின் ரேங்க் நினைவுக்கு வரும், செப்டம்பர் முப்பது கடைசித் தேதி என்பதும் நினைவுக்கு வரும். செத்துப்போறேன் என்று அவன்தானே சொன்னான் என்று நினைத்துக்கொள்வேன். எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமாக இல்லை. இப்போது யோசித்தால் அதுதான் எனக்கு வினோதமாகப் படுகிறது.

செப்டம்பர் மூன்று, மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. பீடத்துக்கு முன்னால் கம்பியோரம் முழங்காலில் நின்றோம். எனக்கு அடுத்து பொன்னுதாஸ். அப்பத்தை வாயில் போட்டுவிட்டு வெகுநேரம் மென்றான். போதகர் பாத்திரத்தை அவன் உதட்டருகில் கொண்டுவந்தபோது அவன் கழுத்து இறுகியது, தலை பின்னால் போயிற்று. மறுபடியும் முயன்றான். மறுபடியும் அதேதான். திராட்சரசம் போதகரின் வெள்ளை அங்கியில் சிந்தியது. பின்னால் யாரோ, மனசில ஏதோ பாவம் கெடக்கு, அதாக்கும் எறங்கல்ல என்று முணுமுணுத்தார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணில் குற்றம் செய்தவனின் கூச்சம் இருந்தது. எல்லோர் முன்னிலும் இப்படி ஆகிவிட்டதே என்ற கூச்சம். நாற்பத்து நான்கு நாள் ஆகியிருந்தது.

புதன்கிழமை திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் செத்தான். அந்த மூன்று நாளைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். நாய் கடித்ததா என்று டாக்டர்கள் கேட்டார்கள். ஈஸ்டர் சமயத்தில் சந்தையில் ஒரு நாய் அவன் காலில் பாய்ந்தது என்று ராஜபாய் சொன்னாள். அதுவே போதும் என்று எழுதிக்கொண்டார்கள். பசு கிழங்கு அடைத்துச் செத்தது என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் வராந்தாவில்தான் நின்றேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மறுநாள் தாயையும் மகளையும் நானே கூட்டிக்கொண்டு போய் அவர்களுக்கு ஊசி போட வைத்தேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஜெயபாய் என் கையைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எனக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்து வைப்பதில்லை. சோறு வைப்பாள். தண்ணீரை நானே எடுத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் இருபத்தாறில் ரெஜிலாவின் விண்ணப்பம் வந்தது. இறப்புச் சான்றிதழ் இணைத்திருந்தது. சரிபார்த்தேன், எல்லாம் உண்மை, கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறிக்கை வாசிக்கும்போது அவள் பெயரை வாசித்தேன். ராஜபாய் கறுப்புப் புடவை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சபையே அழுதது. எனக்கும் கண் கலங்கியது, அதில் பொய் இல்லை.

அவள் நன்றாகப் படித்தாள். முதல் கடிதத்தில் ரப்பர் பூட்ஸ் வாங்கியதைப் பற்றி எழுதியிருந்தாள். இரண்டாவதில் ஒரு ஆட்டின் இதயத்தைக் கையில் வைத்துப் பார்த்ததைப் பற்றி. என் அளவுக்கு அந்தக் கடிதங்களை யாரும் படித்திருக்க மாட்டார்கள். அவள் படிக்கப் படிக்க நானும் கூடவே படித்தேன், சில ராத்திரிகளில் நானே ஹாஸ்டலில் இருப்பது போல இருக்கும்.

இந்த வருடம் வந்த கடிதம் ஆறாவது. அதைத்தான் நீங்கள் சபை அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். அதில் அவள் வெறிநோய்ப் பாடத்தைப் பற்றி எழுதியிருந்தாள். பசுவுக்கு இந்த நோய் வந்தால் குரல் மாறும், தொண்டையில் ஏதோ அடைத்தது போல நிற்கும், விவரம் தெரியாதவர்கள் கையை விட்டுவிடுவார்கள் என்று வகுப்பில் சொன்னார்களாம். கடைசி வரி எனக்கு எழுதியது: "மாமா, விவரம் தெரிந்தவர்கள் உடனே கையைக் கழுவுவார்கள் என்றும் சொன்னார்கள்."

உண்ணி சார், அதை ஏன் கிழித்துப்போடவில்லை என்று கேட்டீர்கள். ஆறாவது விதிப்படி கடிதங்களைக் கோப்பில் வைக்க வேண்டும். வைத்தேன். அடுத்த தவணையையும் குறித்த தேதியில் அனுப்பினேன்.

போன வாரம் லீவுக்கு வந்தவள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஜெயபாய் கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள்.

"மாமா, அண்ணைக்கு பசுவுக்க சத்தம் எப்படி இருந்துது?"

"கட்டிப்போயி இருந்துது."

"நீங்க ஊசி போட்டீங்களா?"

"போட்டேன் மக்கா."

"எண்ணைக்கு?"

"அண்ணைக்கே. பதினொண்ணர மணிக்கு."

அவளுக்கு அப்பாவின் மூக்கு. ஜெயபாய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்க அப்பாவுக்க கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்லியா மாமா?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் என் அப்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் காப்பியைக் குடிக்காமல் கொண்டுபோய்க் குழாயில் ஊற்றி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கையையும் கழுவினாள். "செரி, நான் வாறேன் மாமா," என்று வழக்கம் போலவே சொல்லிவிட்டு இறங்கினாள். வீட்டுக்குப் போகிற பக்கம் திரும்பாமல் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். அவள் இங்கேதான் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் சட்டையை மாற்றிக்கொண்டு காத்திருந்தேன்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊரில் சொல்வார்கள், சொல்லட்டும். அவளுடைய புகாரில் ஒரே ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்த வேண்டியது செயலாளர் என்ற முறையில் என் கடமை. சபையின் விதிதான் இப்படி ஒரு கொலைக்குக் காரணமாகிவிட்டது, அந்த விதி இல்லாவிட்டால் அப்பா இருந்திருப்பார் என்று எழுதியிருக்கிறாள். அது சரியல்ல.

அந்த வருடம் ஜூலை எட்டாம் தேதி கமிட்டி கூடியது. பொன்னுதாஸ் கையை விட்டது இருபத்தொன்றாம் தேதி, அதற்குப் பதின்மூன்று நாள் முன்னால். தலைவர் சுந்தரதாஸ் சார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பணம் பாங்கில் சும்மா கிடக்கிறது, கெட்டிக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை, நான்காவது விதியை எடுத்துவிடலாம் என்றார். சத்தியநேசன் இருந்தால் அவரே எடுத்திருப்பார் என்றும் சொன்னார். விதியை மாற்ற ஏழு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு பேர் உடனே போட்டார்கள். புத்தகம் என்னிடம் வந்தது. ஒரு பிள்ளைக்காக விதியை மாற்றக் கூடாது என்றேன். ஏன் யோசுவா என்று சுந்தரதாஸ் சார் கேட்டார். எனக்கு மாற்றவில்லையே என்று வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டேன். தீர்மானம் நிறைவேறவில்லை என்று என் கையாலேயே எழுதி, புத்தகத்தை மூடினேன். கமிட்டிப் பேச்சை வெளியே சொல்வது வழக்கமில்லை, அதனால் ரெஜிலாவுக்கு இது தெரியாது.

பக்கம் அறுபத்தொன்று. ஏழாவது கையெழுத்துக்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

எட்டுத் தாளும் முடிந்துவிட்டது. படித்துப் பார்த்தேன். முதல் தாளில், மூன்றாவது பத்தியில், அந்தப் பிள்ளைக்காகத்தான் செய்தேன் என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. அடித்தல் திருத்தல் உள்ள எந்தக் காகிதத்திலும் இதுவரை நான் கையெழுத்துப் போட்டதில்லை.

யோசுவா
செயலாளர்